சக்கரத்தடிக் கல்லும் டிரைவர் இல்லாத காரும்

1

தனராஜ் முதலாளி, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் என் வாயால் சொல்ல வைத்திருக்கிறீர்கள்.

வேறு யாரோ என்று வாசகர்கள் தேட வேண்டாம். பாளையம்பட்டியில் ஷெட் போட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்கு மூன்று பஸ் விடுகிற தனராஜ் அவர்களைத்தான் சொல்கிறேன். பங்குனிப் பொங்கலுக்கு வியாபாரிகள் சேர்ந்து போடும் விழா மலருக்கும் அவர்தான் குழுத் தலைவர். இந்த வருஷ மலரில் என் படம் வந்திருக்கிறது. ஒரு காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இளிக்கிறேன். படத்துக்குக் கீழே, "டிரைவர் இல்லாமல் ஓடும் கார்: அமெரிக்காவில் சாதிக்கும் நம் ஊர் விஞ்ஞானி." அதற்கும் கீழே தடித்த எழுத்தில், நான் சொன்னதாக ஒன்று: "இயந்திரம் தவறு செய்யாது. விபத்து என்றால் அது டிரைவர் செய்த தவறுதான்."

நான் விஞ்ஞானி இல்லை. பத்தாவது ஃபெயில். அந்த வாக்கியத்தை நான் சொல்லவும் இல்லை.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஊர் மலரில் வருகிற எல்லாமே கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். மளிகைக்கடை வைத்தவர் தொழிலதிபர் ஆவார், நன்கொடை கொடுத்தவர் வள்ளல் ஆவார். நான் விஞ்ஞானி ஆனதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பக்கம் மலரோடு நிற்கவில்லை.

என் மனைவி செல்வியின் தம்பி இருளப்பன், தனராஜ் முதலாளியின் பஸ்ஸில் பதினாலு வருஷமாக டிரைவர். போன மாசி மாதம் அவன் ஓட்டிப் போன பஸ் நரிக்குடிக்கு முன்னால் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் ரோட்டை விட்டு இறங்கிக் கருவேல முள்ளுக்குள் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு பெண்களுக்குக் கை முறிந்தது. இருளப்பனுக்கு வலது முழங்கால் நொறுங்கியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வைகாசியில் விசாரணை. அது அவனுக்குப் பாதகமாக முடிந்தால் இனி அவன் ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அதில் மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் மண்.

அந்த விசாரணைக்கு முதலாளி கொடுத்த காகிதங்களில் நான் இளிக்கிற பக்கமும் ஒன்று. அதன் நகல் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கிறதாம். இருளப்பன் மனைவி அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தபாலில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரே ஒரு வரி: "அண்ணே, நீங்க இப்படிச் சொல்லலாமா?"

படம் நான் கொடுத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், லீவில் ஊருக்கு வந்தபோது. போன வருஷ மலரில் அது வரவில்லை. விபத்து மாசியில். மலர் பங்குனியில். இரண்டு வருஷம் உங்கள் மேஜை டிராயரில் படுத்துக் கிடந்த படம், விபத்து நடந்த மறுமாதம் எழுந்து உட்கார்ந்தது எப்படி, முதலாளி?

2

நான் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் அதே ஷெட்டில் நானும் டிரைவர். செல்வி நர்ஸ். நர்ஸ்களை அமெரிக்காவுக்குக் கூப்பிட்ட காலத்தில் அவளுக்கு விசா கிடைத்தது. அவள் விசாவில் தொங்கிக்கொண்டு நான் வந்தேன். புறப்பட்ட அன்று ஷெட்டில் எனக்கு மாலை போட்டவர் தனராஜ் முதலாளிதான். அதை மறக்கவில்லை. இந்த வைகாசியோடு எட்டு வருஷம்.

எட்டு டன் பஸ்ஸைத் திருச்சுழிச் சந்தைக் கூட்டத்துக்குள் ஓட்டியவனுக்கு இங்கே கார் லைசென்ஸ் கிடைக்க மூன்று தடவை ஆனது. முதல் தடவை ஹாரன் அடித்தேன் என்று ஃபெயில். யாரைத் திட்டினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைத்த அம்மாள் கேட்டாள். யாரையும் திட்டவில்லை, வருகிறேன் என்று சொன்னேன் என்றேன். இரண்டாம் தடவை, பின்னால் வந்தவன் அவசரப்பட்டான், போகட்டும் என்று வலது இண்டிகேட்டர் போட்டேன். திரும்பப் போகாதவன் எதற்கு இண்டிகேட்டர் போட்டாய் என்று கேட்டாள். பின்னால் வருகிறவனுக்கு வழி சொன்னேன் என்றேன். "அவனுக்கு வழி சொல்வது உன் வேலை இல்லை" என்று எழுதிக் கையில் கொடுத்தாள். மூன்றாம் தடவை ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஊமை மாதிரி ஓட்டினேன். பாஸ்.

அப்புறம்தான் வேடிக்கை. நான்கு வருஷம் ஒரு கராஜில் டயர் மாற்றினேன். பிறகு ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். டிரைவர் இல்லாமல் ஓடும் கார் செய்கிறார்களாம். அதற்கு டிரைவர் வேண்டுமாம். போனேன், எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒரு தனி ரோடு. அதன் நடுவில் நாலடிக்கு ஒன்றாகக் காந்தத்தைப் புதைத்திருக்கிறார்கள். காருக்கு அடியில் இருக்கும் கருவி காந்தத்தை மோப்பம் பிடித்து, ரோட்டின் நடுவிலேயே காரைக் கொண்டுபோகும். முன்னால் ரேடார் இருக்கிறது. அடுத்த கார் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். நான்கு கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக, இடையில் ஒரு மாட்டுவண்டி நீளம் மட்டும் விட்டு, நம் ஊர் எக்ஸ்பிரஸ் பஸ் வேகத்தைவிட அதிகமாகப் போகும். ரேடார் மட்டும் இருந்தால் போதாது. முன்கார் பிரேக் போட்டு, இடைவெளி குறைந்த பிறகுதான் ரேடாருக்குத் தெரியும். அதற்குள் முட்டிவிடும். அதனால் கார்களுக்குள் வயர்லெஸ் வைத்திருக்கிறார்கள். "நான் பிரேக் போடப் போகிறேன்" என்று முன்கார் சொல்லும். பின்கார் கேட்டுக்கொண்டு தானும் போடும். எனக்கு லைசென்ஸ் கொடுக்க மறுத்தாளே அந்த அம்மாள், அவளைக் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் என்று ஆசை. பின்னால் வருகிறவனுக்குச் சொல்வது வேலை இல்லையாம். இங்கே பெரிய பெரிய படிப்பாளிகள் ராப்பகலாக அந்த ஒரு வேலையைத்தான் செய்கிறார்கள்.

என் வேலை மூன்றாவது காரில் உட்கார்ந்திருப்பது. ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. ஆனால் வலது கால் பிரேக் பெடலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். மிதிக்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. ஒரு மணி நேரம் அப்படி வைத்துப் பாருங்கள், தெரியும். சும்மா இருப்பதற்குச் சம்பளம் என்று ஊரில் சொன்னார்கள். சும்மா இருக்கிற கால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து வெந்நீரில் கிடக்கிறது.

மலரில் வந்த படத்தில் கை தெரிகிறது. கால் தெரியாது.

3

இப்போது பாளையம்பட்டி ஷெட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஷெட்டில் புகார் நோட்டு ஒன்று உண்டு. லைட் எரியவில்லை, சீட் கிழிந்துவிட்டது என்றெல்லாம் எழுதுவோம். பிரேக்கைப் பற்றி மட்டும் எந்த டிரைவரும் எழுத மாட்டான். எழுத்தில் பிரேக் என்று இருந்தால் அந்த வண்டியை வெளியே எடுக்க முடியாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் நோட்டை அதிகாரி கேட்பார். அதனால் அது எழுத்துக்கு வரக்கூடாது என்பது ஷெட்டின் சட்டம். சட்டம் போட்டது யார் என்று கேட்டால், யாரும் போடவில்லை, இருந்தது.

அதற்குப் பதிலாகக் கல் இருந்தது. கடைசி டிரிப் முடிந்து வண்டியை நிறுத்தும்போது பிரேக் சரியில்லை என்று பட்டால், டிரைவர் இறங்கி, இடது பக்க முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவான். விடியற்காலையில் ஃபிட்டர் காதர் அண்ணன் வருவார். வரிசையாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். கல் இருந்தால் உட்காருவார். பார்த்துச் சரிசெய்து, தானே ஒரு மிதி மிதித்துவிட்டுக் கல்லைத் தூக்கிச் சுவரோரம் எறிவார். டிரைவர் வரும்போது கல் இல்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கல் இருந்தால் வண்டியைத் தொடமாட்டான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கல்லைப் பார்த்துவிட்டும் சாவியைப் போட்டேன். காதர் அண்ணன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே சவுந்தரம், கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"கல்லுதான அண்ணே, ஏத்தி எறக்கிட்டுப் போயிரலாம்."

"ஏத்தி எறக்குவ. அப்பறம் ஒன்ன ஏத்தி எறக்க நாலு பேரு வேணும். எறங்குலே கீழ."

இறங்கினேன். அதன்பிறகு ஏழு வருஷம் அந்தக் கல்லை நம்பித்தான் ஓட்டினேன். ஒருநாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. ஏனென்றால் வைத்தவனுக்கும் எடுத்தவருக்கும் அது என்ன என்று தெரியும். மூன்றாவது ஆள் அதைத் தொட்டதில்லை.

4

போன கோடையில் பெரிய மனிதர்களுக்கு இந்தக் கார்களை ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. அதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல மூன்றாவது காரில். திடீரென்று இரண்டாவது கார் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. என் கார் வேகம் குறையவில்லை. வயர்லெஸ்ஸில் செய்தி வரவில்லை. கால் தானாக இறங்கியது. மிதித்தேன். இரண்டு காருக்கும் நடுவில் ஒரு செருப்பு நீளம் மிச்சம்.

நான்கு கார்களும் நின்றன. எங்கள் பிரிவின் தலைவர் மார்க் ஓடி வந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னேன்: "தப்பு என்னோடது சார்."

"என்ன செய்தாய்?"

"பிரேக் மிதித்தேன்."

"அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னால் ஒன்றும் செய்யவில்லை."

"ஒன்றும் செய்யாத ஆள் எப்படித் தப்பு செய்ய முடியும்?"

மன்னிப்பு கேட்டுவிட்டால் வேலை தங்கும் என்பது எனக்கு ஷெட்டில் கிடைத்த படிப்பு. கண்ணாடி உடைந்தாலும், டயர் வெடித்தாலும், மாடு குறுக்கே வந்தாலும் டிரைவர் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். சொல்லிவிட்டால் முதலாளி நான்கு வசவோடு விட்டுவிடுவார். சொல்லாதவன் திமிர் பிடித்தவன்.

மார்க் ஒரு படிவம் கொடுத்தார். ஒவ்வொரு கோளாறுக்கும் அதை நிரப்ப வேண்டும். "எந்தப் பாகம் சரியாக வேலை செய்யவில்லை?" என்பது முதல் கேள்வி. அதற்குக் கீழே கட்டங்கள்: ரேடார், காந்தக் கருவி, வயர்லெஸ், கம்ப்யூட்டர் என்று போய்க் கடைசியில் "மற்றவை" என்று ஒரு கட்டம். நான் "மற்றவை"யில் குறி போட்டு, பக்கத்தில் டிரைவர் என்று எழுதினேன். மார்க் அதைப் பார்த்துவிட்டுக் கோடு போட்டு அடித்தார்.

"சவுண்ட்," என்றார். சவுந்தரம் அவர் வாயில் அவ்வளவுதான் வரும். "நீ இப்படி எழுதினால் நாங்கள் வயர்லெஸ்ஸைப் பார்க்க மாட்டோம். உன்னைத்தான் மாற்றுவோம். அடுத்த தடவையும் செய்தி வராது. அப்போது உன் கால் அங்கே இருக்காது."

அன்றைக்கு அவருக்குக் கல்லைப் பற்றிச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கல்லை வேறு யாராவது எடுத்துவிட்டால்?"

யாரும் எடுக்க மாட்டார்கள் என்றேன்.

"அப்படியென்றால் அது நல்ல ஏற்பாடு இல்லை. அதிர்ஷ்டம்."

எனக்குக் கோபம் வந்தது. ஷெட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன்.

அவருடைய கார்களில் அப்படி இல்லையாம். முன்கார் சொன்னால் மட்டும் போதாது. கேட்டேன் என்று பின்கார் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் எல்லாக் காரும் விலகித் தூரமாகப் போய்விட வேண்டும். அன்றைக்கு நடந்த கோளாறே, கேட்காத கார் கேட்டதாகச் சொல்லிவிட்டதுதான். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆனது.

வெள்ளைக்காரன் யோக்கியன் என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பெரிய மனிதர்களுக்குக் காட்டிய அன்று ஒரு வண்ணப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு இளிக்கிறார்கள். ஒருத்தன் காலும் அதில் இல்லை. மனிதன் தவறு செய்வான், இயந்திரம் செய்யாது என்கிற மாதிரி அதிலும் எழுதியிருந்தது. வந்தவர்களுக்கு அந்தப் புத்தகம், படிவங்கள் அலமாரியில். ஆனால் படிவம் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஆராய்ச்சியைப் பற்றித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனராஜ் முதலாளியின் ஆபீசில் கலர் சோடா குடித்துக்கொண்டு பேசினேன். "டிரைவருதான் தப்புப் பண்றான்னு சொல்லித்தான் மொதலாளி இதெல்லாம் ஆரம்பிச்சிருக்காக. ஆனா டிரைவர் இல்லாம அவுகளால ஒரு நாளும் ஓட்ட முடியல" என்றேன். முதல் பாதியை எடுத்துக்கொண்டீர்கள். இரண்டாம் பாதி உங்கள் மலரில் இடம் போதாமல் விடுபட்டுப் போயிருக்கும்.

என் பங்கும் இருக்கிறது. கையைத் தூக்கிய படத்தைக் கொண்டுவந்து காட்டியது நான்தான். காலைப் பற்றி நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைத்தேன்.

5

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இருளப்பனுக்குப் போன் போட்டேன். சொல்லி வைத்தபடி பாளையம்பட்டி எஸ்.டி.டி. பூத்தில் வந்து காத்திருந்தான். கடல் தாண்டிப் பேசினால் குரல் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.

"மாப்ளே, கேக்குதா?"

"கேக்குது மச்சான். ஒங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது. காலு எப்படி இருக்கு?"

"மாவுக்கட்டப் பிரிச்சாச்சு. உள்ள கம்பி வச்சிருக்காக. மடக்கத்தான் முடியல."

"அந்த மலர்ல வந்தத நான் சொல்லல, மாப்ளே."

பதில் தாமதமானது கடலாலா, அவன் யோசித்ததாலா என்று தெரியவில்லை.

"சரி மச்சான்."

"நெசமாத்தான். சரி, அத விடு. கல்லு வச்சியா?"

"முந்துன நா கடைசி ட்ரிப்பு முடிச்சு வச்சேன். ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிச்சிச்சு. காதர் அண்ணே மக கல்யாணத்துக்கு மூணு நா லீவு போட்டிருக்காக. அது எனக்குத் தெரியாது."

"காலையில கல்லு இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு. அன்னைக்கு முகூர்த்த நாளு, கூட்டம் ஏறும்னு மொதலாளியே வெள்ளன வந்து வண்டிய எடுத்து, கழுவச் சொல்லி, வாசல் கேட்டுக்கிட்ட கொண்டாந்து நிப்பாட்டி இருந்தாக. வண்டி எடம் மாறி நிக்கிது. கல்லும் இல்ல."

"நீ வாயத் தொறந்து கேக்கலையா?"

"கேட்டேன் மச்சான். 'மொதலாளி, பிரேக்கு பாத்தாச்சா?'ன்னு கேட்டேன். 'எல்லாம் பாத்தாச்சு, எடுலே. சனம் நிக்கிது'ன்னாக."

"ஓட்டும்போது தெரியலையா?"

"மொத ஸ்டாப்புலயே தெரிஞ்சு போச்சு. வண்டி நெறைய சனம். எறக்கி விட்டா என்ன அடிப்பாய்ங்க. ரெண்டு மிதி மிதிச்சு மிதிச்சே திருச்சுழி தாண்டிட்டேன். அந்தத் திருப்பத்துல ஆட்டுக்காரரு ஆட்டப் பத்திக்கிட்டுக் குறுக்க வாராரு. அங்க ஒரு மிதிக்குத்தான் மச்சான் நேரம் இருந்துச்சு. அவரு மேல ஏத்தவா, முள்ளுக்குள்ள விடவா. முள்ளுக்குள்ள விட்டேன்."

இதில் இருளப்பன் தவறும் இருக்கிறது. முதல் ஸ்டாப்பிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதை நான் மறைக்கவில்லை. விசாரணையில் அவனும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவன் தவறு மட்டும்தான் காகிதத்தில் இருக்கிறது.

"போலீஸ்ல என்ன எழுதிக் குடுத்த?"

"தப்பு என்னோடதுதான்னு."

"கல்லப் பத்தி?"

"எழுதல."

"ஏம்ல எழுதல?"

"மொதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து தலமாட்டுல உக்காந்தாக. 'ஒத்துக்கோ, மத்தத நான் பாத்துக்கிறேன்'னாக. எப்பவும் அப்படித்தான மச்சான். நீங்க இருந்தா மட்டும் வேற என்னத்தச் சொல்லியிருப்பீக?"

இந்தக் கேள்வி கடலைத் தாண்டி வந்துசேர்ந்தது. நான் "கேக்குது" என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் மார்க்கின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. கல்லை வேறு யாராவது எடுத்துவிட்டால்? எட்டாயிரம் மைலுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, ஷெட்டையே பார்க்காத ஒருத்தர் கேட்ட கேள்வி. அவரைத் திட்டியதற்கு அடுத்த நாள் போய் வருத்தம் சொன்னேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

6

என் மகள் கவிதாவுக்குப் பதினைந்து வயது. ஏழு வயதில் இங்கே வந்தாள். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதி ஆங்கிலம், படிக்க மறந்துவிட்டாள். அவளைப் பற்றி எனக்கு ஊரில் எல்லோரிடமும் ஒரே புகார்தான்: எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் கேட்கிறாள். பள்ளிக்கூட பஸ் இரண்டு நாள் தாமதமாக வந்தது என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் அடித்து அனுப்பினாள். பதில் வரும்வரை விடவில்லை. அடக்கம் இல்லை என்று செல்வியிடம் கத்தினேன்.

அந்த மலர்ப் பக்கம் மேஜையில் கிடந்தது. எடுத்துப் பார்த்து, "அப்பா, நீ இதுல ஏன் சிரிக்கிற?" என்று கேட்டாள்.

படித்துக் காட்டினேன். தடித்த எழுத்தில் இருந்ததையும் படித்தேன்.

"நீ இப்படிச் சொன்னியா?"

"சொல்லல."

"மாமா தப்புப் பண்ணாங்களா?"

"கொஞ்சம். முழுசும் இல்ல."

அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். சாரம் இதுதான்: உன் பெயரில் பொய் அச்சாகியிருக்கிறது. மாமாவின் வேலை போகப்போகிறது. கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீ இதுவரை என்ன செய்தாய்?

"மொதலாளி நமக்கு ரொம்ப வேண்டியவுக" என்றேன்.

"அதனால?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்த 'அதனால'வுக்குப் பதில் தேடித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்து அவளிடம் வாசித்துக் காட்டினேன். நீளம் என்றாள். ஹாரனைப் பற்றி எழுதியதை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை.

7

தனராஜ் முதலாளி, இரண்டு காரியம் செய்திருக்கிறேன். மலரில் வந்த வாக்கியம் என்னுடையது இல்லை என்று கையெழுத்துப் போட்டு, விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். கால் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து அதோடு வைத்திருக்கிறேன். கை மேலே, கால் பெடல்மேலே. நான் இளிக்கவில்லை.

கல்லைப் பற்றி அவர்களுக்கு நான் எழுத முடியாது. நான் பார்க்கவில்லை. காதர் அண்ணன் சொல்லலாம், அவரும் அன்றைக்கு அங்கே இல்லை. இருளப்பன் சொல்வான், இந்தத் தடவை சொல்கிறேன் என்று அப்புறம் போனில் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் கூலிக்கு ஓட்டுகிறவன் சொல்வது உங்கள் சொல்லுக்கு எதிரில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்றைக்குக் காலையில் ஷெட்டில் நடந்தது முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. அது என்ன கல் என்றே உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். காலில் இடறிய கல் என்று எட்டி உதைத்திருக்கலாம். உங்கள் ஷெட்டில் இருபது வருஷமாக பிரேக்குக்கு நோட்டு இல்லாமல் கல் மட்டும் இருந்ததை, ஷெட்டுக்குச் சொந்தக்காரர் தெரிந்துகொள்ளாமல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்லுங்கள். "தெரியாது" என்பதும் ஒரு பதில்தான். ஆனால் ஒருத்தன் நேரில் வந்து பிரேக் பார்த்தாச்சா என்று கேட்டதற்கு, பார்க்காமலே "பாத்தாச்சு" என்று சொன்னீர்களே, அது தெரியாமல் சொன்னது இல்லை.

அடுத்த பங்குனி மலர்வரை நான் காத்திருக்க மாட்டேன். இருளப்பனும் காத்திருக்க முடியாது. என் படம் ஒட்டியிருக்கும் அதே பஸ் ஸ்டாண்டுச் சுவரில், அதற்குப் பக்கத்திலேயே, நரிக்குடி பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எல்லாம் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் உங்கள் பதிலை ஒட்டுங்கள். வைகாசி விசாரணைக்கு முன்னால் ஒட்டுங்கள். அன்று காலை முன்சக்கரத்தடியிலிருந்து கல்லை எடுத்தது யார்? காதர் அண்ணன் இல்லாத அன்று அந்த பிரேக்கைப் பார்த்தது யார்? பெயரைப் போடுங்கள். யாரும் பார்க்கவில்லை என்றால், யாரும் பார்க்கவில்லை என்று உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

கேக்குதா, முதலாளி?